கடைசி ஆள் வரும் வரை

1791 நவம்பர் 7, இரவு. கிருஷ்ணகிரி மலையடிவாரத்தில் லெப்டினன்ட் கர்னல் மாக்ஸ்வெல்லின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை கீழ்க்கோட்டைச் சுவரேறி உள்ளே குதித்துவிட்டது. பேட்டையும் கைக்கு வந்தாயிற்று. திப்பு சுல்தானின் வீரர்கள் மேல்கோட்டையை நோக்கி ஓடினார்கள். துரத்தியவர்கள் அவர்களுடைய குதிகாலை மிதித்துவிடும் நெருக்கத்தில் பின்னாலேயே ஓடினார்கள். ஓடுகிறவர்களோடு கலந்து ஓடி, கதவு சாத்துவதற்குள் உள்ளே புகுந்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு. முதல் வரிசையில் ஓடியவர்களுக்கு அது கைகூடும் போலத்தான் இருந்தது.

கதவு முந்திக்கொண்டது.

இனி ஏணி இல்லாமல் ஒரு அடி நகர முடியாது. ஏணி தூக்கியவர்களோ பாதி மலையில் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார்கள். செங்குத்துப் பாறையில், இருட்டில், ஆளுயரத்தைப் போல் சில மடங்கு நீளமுள்ள மூங்கிலைச் சுமந்து ஓடுவது எப்படிப்பட்ட வேலை என்பதை அந்த மலையில் வெறுங்கையோடு ஒரு முறை ஏறியவர்களைக் கேட்டாலே சொல்வார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் மேலே இருந்தவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டார்கள், சுவருக்கு வந்தார்கள், கல்லை உருட்டத் தொடங்கினார்கள். மலைக்கோட்டைக்காரனுக்குப் பீரங்கியைவிட மலிவான ஆயுதம் அது. மருந்து வேண்டாம், குறி வேண்டாம். உருண்டு வந்த பாறைகள் ஏணிகளை நொறுக்கின. ஏணி பிடித்த கைகளையும் சேர்த்து நசுக்கின. திரும்பத் திரும்ப முயன்று பார்த்துவிட்டுப் படை கீழே இறங்கியது.

அந்த மைசூர்ப் போர் முடியும்வரை கிருஷ்ணகிரி மேல்கோட்டை விழவில்லை. 1792 மார்ச்சில் கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு இந்தப் பகுதியான பாரமகாலை விட்டுக்கொடுத்தபோதுதான் அது கம்பெனிக்குப் போனது. மாக்ஸ்வெல்லின் பெயர் எல்லாப் போர்க்குறிப்பிலும் இருக்கிறது. ஏணி தூக்கியவர்களின் பெயர் எதிலும் இல்லை. அன்றிரவைத் தீர்மானித்தவர்கள் அவர்கள்தான்.

அந்த நிகழ்ச்சியிலிருந்து ஏறத்தாழ 200 ஆண்டுகள் கழித்து உலகத்தில் ஒரு புது விளையாட்டு உருவானது. நியூசிலாந்தில் ராபின் ஜட்கின்ஸ் என்பவர் 1983-இல் ஒரு பந்தயம் வைத்தார். தென்தீவின் மேற்குக் கடற்கரையில் கிளம்பிக் கிழக்குக் கடற்கரையில் முடிக்க வேண்டும். ஓட வேண்டும், சைக்கிள் மிதிக்க வேண்டும், ஆற்றில் கயாக் படகு வலிக்க வேண்டும், நடுவில் மலையைத் தாண்ட வேண்டும். 1989-இல் ஜெரார்ட் ஃபுஸில் என்ற பிரெஞ்சுப் பத்திரிகையாளர் அதே நாட்டில் 'ரெய்டு கோலுவாஸ்' என்ற பெயரில் இன்னும் கடுமையான ஒன்றைத் தொடங்கினார். அணிக்கு ஐந்து பேர், அதில் ஒருவராவது பெண், கையில் வரைபடம், பல நாள் பயணம். 1995-இல் அமெரிக்காவின் யூட்டா பாலைவெளியில் மார்க் பர்னெட் நடத்திய 'ஈக்கோ சேலஞ்ச்' அதைத் தொலைக்காட்சிக்குக் கொண்டுவந்தது. தமிழில் இதற்கு இன்னும் நிலைத்த பெயர் இல்லை. சாகசப் பந்தயம் என்கிறார்கள். சாகசம் என்றால் சர்க்கஸ் நினைவுக்கு வருகிறது. பொருத்தமான சொல் வரும்வரை வைத்துக்கொள்வோம்.

2019-இல் ஃபிஜித் தீவில் நடந்த ஈக்கோ சேலஞ்சில் 30 நாடுகளிலிருந்து 66 அணிகள் கலந்துகொண்டன. 11 நாள், 671 கிலோமீட்டர். அதில் இந்திய அணி ஒன்றும் இருந்தது. எவரெஸ்ட்டில் ஒன்றாக ஏறிய முதல் இரட்டைச் சகோதரிகளான தாஷி மாலிக், நுங்ஷி மாலிக் இருவரின் 'குக்குரி வாரியர்ஸ்'. இந்தப் பந்தயங்களின் விதிகளில் முக்கியமானது ஒன்று உண்டு. அணி பிரியக் கூடாது. முதலில் வந்தவரின் நேரத்தை யாரும் குறிப்பதில்லை. அணியின் கடைசி ஆள் கோட்டைத் தாண்டும்போதுதான் கடிகாரம் நிற்கும்.

மாக்ஸ்வெல்லுக்கு அந்த விதியை யாரும் சொல்லியிருக்கத் தேவையில்லை. பாறையே சொல்லிவிட்டது.

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடைப்பட்ட நிலத்தைச் சாலையில் போகிறவர்கள் சரியாகப் பார்ப்பதில்லை. பெங்களூரிலிருந்து ஓசூர் 40 கிலோமீட்டர், கிட்டத்தட்ட அதே மேட்டு மட்டம், அதே குளிர்காற்று. ஓசூர் தாண்டி, சூளகிரியின் பல் பல்லான பாறை தெரியத் தொடங்கியதும் நிலம் இறங்க ஆரம்பிக்கிறது. கிருஷ்ணகிரி வரும்போது ஏறத்தாழ 400 மீட்டர் கீழே வந்திருப்போம். காரில் போகிறவருக்குக் காது அடைப்பதோடு சரி. சைக்கிளில் பெங்களூருக்குத் திரும்புகிறவருக்குத் தொடை சொல்லும். பழைய ஆவணங்களில் மேலே இருப்பது பாலாகாட், கீழே இருப்பது பாரமகால். பாரமகால் என்றால் பன்னிரண்டு மகால்கள். அந்தப் பன்னிரண்டு எவை என்று பட்டியல் போட்டவர்கள் எல்லாம் வேறு வேறு பட்டியல் போட்டிருக்கிறார்கள். பாறை இருந்த இடமெல்லாம் கோட்டை இருந்தது என்று வைத்துக்கொண்டால் வம்பில்லை. கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை, ஜெகதேவி, வீரபத்திர துர்க்கம் என்று வரிசை நீளும்.

இந்த இறக்கம்தான் எல்லாப் போருக்கும் காரணம். கீழே சமவெளியில் நெல்லும் சென்னைத் துறைமுகமும். மேலே மைசூர். நடுவில் சில கணவாய்கள், ஒவ்வொன்றின் தலைமாட்டிலும் ஒரு பாறை, பாறைமேல் ஒரு காவல். 1767-இலேயே கர்னல் ஸ்மித் கிருஷ்ணகிரியைத் தாக்கித் தோற்றார். முற்றுகையிட்டுப் பட்டினி போட்டு அடுத்த ஆண்டுதான் வாங்க முடிந்தது.

1791-இன் கதையில் மாக்ஸ்வெல் கடைசி அத்தியாயம்தான். அந்த ஆண்டு மே மாதம் காரன்வாலிஸ் பிரபு ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வாசல்வரை போய்விட்டுத் திரும்பினார். எதிரி தோற்கடித்ததால் திரும்பவில்லை. மழை பிடித்துக்கொண்டது, தானியம் தீர்ந்தது, பீரங்கி இழுத்த மாடுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. இழுக்க மாடில்லாத கனரகப் பீரங்கிகளைத் தன் கையாலேயே உடைத்துப்போட்டுவிட்டு வந்தது அந்தப் படை. அதன் கடைசி ஆள் மனிதனே இல்லை, மாடு.

பாடம் கற்ற காரன்வாலிஸ் ஜூலையில் ஓசூருக்கு வந்தார். காவலர்கள் கோட்டையை விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மேஜர் கௌடி ராயக்கோட்டையின் கீழ்க்கோட்டையைத் தாக்கிப் பிடித்தார். மேல்கோட்டை பிறகு பணிந்தது. கணவாய் திறந்ததும் தானிய மூட்டை ஏற்றிய மாடுகளோடு லம்பாடிகள் பாரமகால் வழியாக மேலேறினார்கள். எந்தப் பக்கத்துப் படைக்கும் சோறு போட்டவர்கள் அவர்கள். போர்களும், பின்னால் ரயிலும், அந்தத் தொழிலை முடித்துவைத்த பிறகு ஆங்காங்கே தங்கிவிட்டார்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இன்றும் லம்பாடித் தாண்டாக்கள் உண்டு. சித்தேரி, சிட்டிலிங்கிப் பக்கம் போனால் கண்ணாடி பதித்த அவர்களுடைய தையலைப் பார்க்கலாம். பொதி மாடு போய்விட்டது, ஊசி நின்றது.

மாடு என்றதும் இன்னும் பின்னால் போக வேண்டியிருக்கிறது. இந்த வட்டாரத்தில் முதலில் நடந்த ஓட்டப் பந்தயமே மாட்டுக்காகத்தான். கிருஷ்ணகிரி, தருமபுரி, அடுத்துள்ள செங்கம் பகுதிகளில் வயலோரத்திலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்கின்றன. ஒருவன் மாட்டு மந்தையைக் கவர்ந்து ஓட்டிப் போவான். மற்றொருவன் துரத்திப் போய் மீட்பான், அல்லது மீட்கும்போது சாவான். ஊர் அவனுக்குக் கல் நடும். இரவில், காட்டுப் பாதையில், வழி தெரியாத மந்தையைப் பின்னாலிருந்து ஓட்டிக்கொண்டு, துரத்துகிறவன் வருவதற்குள் எல்லையைத் தாண்டுவது. இதைவிடச் சுத்தமான சாகசப் பந்தயம் எந்தப் பிரெஞ்சுப் பத்திரிகையாளருக்கும் தோன்றியிருக்க முடியாது. 1970-களில் தமிழ்நாடு தொல்லியல் துறை செங்கம் நடுகற்களையும் தருமபுரிக் கல்வெட்டுகளையும் நூலாக்கியது. இரா. நாகசாமி அதற்குத் தலைமை தாங்கினார்.

அவற்றில் எடுத்தனூர்க் கல் தனி ரகம். மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல். வீரன் வில்லோடு நிற்கிறான், காலருகில் ஒரு நாய். வீரனின் பெயர் மட்டும் போதும் என்று கல் நடுகிறவர்கள் விட்டிருக்கலாம். விடவில்லை. நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் வெட்டிவைத்திருக்கிறார்கள். 1,400 ஆண்டுகளுக்கு முன் செங்கம் பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் அணியின் கடைசி உறுப்பினரைக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். 1791-இன் படைக்குறிப்பு எழுதிய கனவான்கள் ஏணிக்காரர்களுக்கு அந்த மரியாதையைச் செய்யவில்லை.

போர் முடிந்ததும் பாரமகாலுக்கு அளக்கிறவர்கள் வந்தார்கள். 1792-இல் கேப்டன் அலெக்சாண்டர் ரீடு முதல் கலெக்டர். அவர் திருப்பத்தூரில் இருந்தார். உதவியாளர்களில் தாமஸ் மன்றோ தருமபுரியில், கிரஹாம் கிருஷ்ணகிரியில், மாக்லியோடு சேலத்தில். பின்னாளில் சென்னை மாகாண ஆளுநராகிக் குதிரைமேல் சிலையாக நிற்கிற அதே மன்றோ, ஏழு ஆண்டுகள் இங்கே ஊர் ஊராக அலைந்தார். ரயத்துவாரி நிலவரி முறை இங்கே உருவானது என்று பள்ளிப் புத்தகத்தில் ஒரு வரி வரும். அந்த ஒரு வரிக்குப் பின்னால் வயல் வயலாகச் சங்கிலி இழுத்தவர்கள் இருந்தார்கள். கல்லுமுள்ளுமான மேட்டில், முழங்கால் சேற்றில், கரடுமேல் ஏறி இறங்கி, சங்கிலியின் ஒரு முனையை ஒருவர் பிடிக்க, மறுமுனையை மற்றவர் இழுத்துக்கொண்டு போக வேண்டும். பின்முனைக்காரர் வந்து சேராமல் முன்முனைக்காரர் அடுத்த அளவைத் தொடங்க முடியாது. இப்போது சாகசப் பந்தயத்தில் வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு வழி தேடுவது தனிக் கலை. இங்கே வரைபடத்தை உண்டாக்கியதே ஒரு நெடும்பந்தயம்.

அதே 1792-இல் இன்னொரு சிறு குழுவும் வந்தது. தாமஸ் டேனியல், அவர் அண்ணன் மகன் வில்லியம் டேனியல் என்ற இரு ஓவியர்கள், சுமைக்காரர்கள் புடைசூழ. போர் ஓய்ந்த சூட்டோடு மலைக்கோட்டைகளைப் பார்க்கக் கிளம்பி வந்தவர்கள். அவர்கள் வரைந்த ராயக்கோட்டையும் வீரபத்திர துர்க்கமும் ஜெகதேவியும் லண்டனில் அச்சாகி வீட்டுச் சுவர்களை அலங்கரித்தன. அந்தப் படங்களில் பாறை கொஞ்சம் கூடுதல் உயரமாகவே தெரியும். ஏறிய களைப்பில் வரைந்தால் அப்படித்தான் வரும்.

சரி, ஓடுகிறவர்கள்? மைசூரில் சிக்கதேவராஜ உடையார் 1672-இல் தொடங்கிய தபால் முறைக்கு 'அஞ்சே' என்று பெயர். நம்முடைய அஞ்சலுக்கு உறவான சொல். ஓசூர்ப் பக்கம் இன்றும் வயதானவர்கள் கன்னடத்தில் பேசும்போது தபாலை அப்படித்தான் சொல்வார்கள். இங்கே ஒரே தெருவில் தெலுங்கும் கன்னடமும் தமிழும் புழங்கும். ஒரு வாக்கியத்திலேயே மூன்றும் வந்துபோவதும் உண்டு. சிக்கதேவராஜரின் அஞ்சேக்காரர்கள் கடிதத்தோடு ஊர்ச் செய்தியையும் அரண்மனைக்குக் கொண்டுபோனார்கள். தபால் அதிகாரியே ஒற்றரும். பிறகு கம்பெனியின் தபால் ஓட்டக்காரர்கள் வந்தார்கள். தோளில் பை, கையில் சதங்கை கட்டிய கோல். காட்டு வழியில் இரவில் தீப்பந்தம் பிடிப்பவரும் கூட ஓடுவார். சில மைலுக்கு ஒரு ஆள் மாறுவார். இருபது பேர் கைமாறிப் போகிற பையில் பத்தொன்பது பேர் பறந்து ஓடியும் ஒருவர் காய்ச்சலில் தடுமாறினால், கடிதத்தின் வேகம் அந்த ஒருவரின் வேகம்தான். மைசூர் அஞ்சே 1889-இல் பிரிட்டிஷ் இந்தியத் தபாலோடு சேர்க்கப்பட்டது.

இந்த நிலத்தில் ஒரு சாகசப் பந்தயம் வைத்து, அதன் தண்ணீர்ப் பகுதிக்குத் தென்பெண்ணையில் இறங்கலாம் என்று யாராவது நினைத்தால் வேண்டாம். பெங்களூரின் கழிவைச் சுமந்து வருகிற ஆறு ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரையாகப் பொங்கி நிற்பதைச் செய்திப் படங்களில் பார்த்திருப்பீர்கள். தண்ணீருக்கு அஞ்செட்டிக் காட்டைத் தாண்டிக் காவிரிக்குத்தான் போக வேண்டும். பிலிகுண்டுலுவில் காவிரி தமிழகத்துக்குள் நுழைகிறது. கர்நாடகம் எவ்வளவு தண்ணீர் விட்டது என்பதை அளக்கும் மத்திய நீர்வள ஆணையத்தின் நிலையம் அங்கே இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்மானித்த 177.25 டிஎம்சி அங்கேதான் எண்ணப்படுகிறது. அங்கிருந்து கீழே ஒகேனக்கல்.

ஒகேனக்கல் என்றால் பரிசல். பார்த்தால் பெரிய முறம் மாதிரி இருக்கும். மூங்கிலைப் பிளந்து, பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, விளிம்பை வளைத்து இறுக்கிக் கட்டுகிறார்கள். முன்பெல்லாம் அடியில் மாட்டுத் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். முன்னும் இல்லை, பின்னும் இல்லை. துடுப்பு போடுகிறவர் ஓரத்தில் குந்தி, தண்ணீரைத் தன் பக்கமாக வாரி இழுத்தால் பரிசல் போகும். ஒரு பக்கம் கூடுதலாக இழுத்துவிட்டால் சுற்றும். சுற்றுலா வந்தவர்கள் கூச்சலிடட்டும் என்று வேண்டுமென்றே சுற்றிவிடுவதும் உண்டு, அதற்குத் தனிக் காசு கேட்காதவர் நல்லவர். இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே பச்சையும் கறுப்புமாக நீர் அசையாமல் இருப்பது போல் தெரியும் இடத்தில் பரிசல்காரர் பேச்சை நிறுத்திவிடுவார். அசையாமல் தெரிகிற இடத்தில்தான் ஆழமும் சுழியும். கரையேறியதும் பரிசலைக் கவிழ்த்துத் தலைமேல் தூக்கிக்கொண்டு பாறையில் நடப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் கால் முளைத்த ஆமை. இறங்குவது, கடப்பது, படகைத் தூக்கிக்கொண்டு நடப்பது, மறுபடி இறங்குவது: கயாக் பந்தயக்காரர்கள் மாதக்கணக்கில் பயிற்சி எடுக்கிற வேலையை அவர் நாளுக்கு எத்தனையோ முறை செய்கிறார், செருப்புக்கூட இல்லாமல்.

இந்த முறம் போர்க்களமும் பார்த்தது. 1520-ஐ ஒட்டி விஜயநகரம் வந்த போர்ச்சுகீசியர் தோமிங்கோ பயஸ், துங்கபத்திரையை ஆனேகுந்தியில் கடக்கும் வட்டப் படகுகளைப் பற்றி எழுதியிருக்கிறார். உள்ளே பிரம்பு, வெளியே தோல், ஒன்றில் 15 முதல் 20 பேர். தேவைப்பட்டால் குதிரையும் மாடும் ஏறும். கன்னடத்தில் ஹரிகோலு. 1803-இல் மராத்தியர் மேல் படையெடுத்த ஆர்தர் வெல்லெஸ்லி, பின்னாளில் நெப்போலியனை வென்ற அதே வெலிங்டன், ஆறுகளைக் கடக்கக் கூடைப் படகு கட்டச் சொல்லி, எப்படிக் கட்டுவது என்பதையும் கடிதத்தில் விவரித்தார். ஐரோப்பாவின் பெரிய தளபதி முறம் பின்னக் கற்றுக்கொண்டது இந்த ஆறுகளில்தான். பரிசலில் போன படை எவ்வளவு வேகம்? கடைசிப் பரிசல் கரை சேர எடுத்துக்கொள்ளும் நேரம். அதற்குள் எதிரி வந்துவிட்டால் பாதிப் படை இக்கரை, பாதிப் படை அக்கரை.

நிலத்தில் குதிரை. ஓசூரை ஒட்டிய மத்திகிரியில் 1824-இல் கம்பெனி ராணுவத்துக்குக் குதிரை வளர்க்கப் பண்ணை தொடங்கினார்கள். 1,600 ஏக்கருக்கும் மேல். நூறாண்டு கழித்து அது கால்நடைப் பண்ணையாக மாறி, இன்றும் அரசுப் பண்ணையாகவே இருக்கிறது. குளிர்ச்சி, மேய்ச்சல், பெங்களூர்ப் பாசறைக்குப் பக்கம். குதிரைக்குப் பொருந்திய காரணங்கள் பிறகு இயந்திரத்துக்கும் பொருந்தின. சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, அசோக் லேலண்டு வந்தது, டைட்டன் வந்தது. 1980-இல் ஓசூர்த் தொழிற்சாலையிலிருந்து டிவிஎஸ் 50 வெளியே வந்தது. இந்தியாவில் இருவர் உட்கார்ந்து போகக்கூடிய முதல் மொபெட். பின்னால் பால் கேன், முன்னால் புல்லுக்கட்டு, நடுவில் ஒரு குடும்பம் என்று அது சுமந்த சுமைக்குப் பதக்கம் கொடுக்க எந்தப் பந்தயமும் இல்லை.

ஆனால் அதே நிறுவனம் 1982-இலேயே பந்தய அணி ஒன்றையும் தொடங்கியது. அது 2015-இல் பிரெஞ்சு நிறுவனமான ஷெர்கோவோடு சேர்ந்து டாக்கர் பந்தயத்துக்குப் போனது. டாக்கர் 1978 டிசம்பர் 26 அன்று பாரிஸில் தியரி சபீன் கிளப்பிவிட்ட பந்தயம். ஆப்பிரிக்கா, தென்னமெரிக்கா, இப்போது சவூதி அரேபியா என்று இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. ரெய்டு கோலுவாஸுக்கு மூத்த அண்ணன் என்று சொல்லலாம். 2015-இல் அதை முடித்த முதல் இந்திய மோட்டார் சைக்கிள் வீரர் பெங்களூரின் சி. எஸ். சந்தோஷ். அவர் வேறு நிறுவனத்து வண்டியில் ஓடினார். டிவிஎஸ் அணியின் கே. பி. அரவிந்த் 2019-இல் பெருவின் மணலில் 37-ஆம் இடத்தில் முடித்தார். 2024-இல் ஷொர்ணூர்க்காரரான ஹரித் நோவா அதே அணிக்காக ராலி 2 பிரிவில் முதலிடமும் ஒட்டுமொத்தத்தில் 11-ஆம் இடமும் பிடித்தார். டாக்கர் அணிகளில் ஒரு பழைய பதவி உண்டு. தண்ணீர் சுமப்பவர் என்பார்கள். அவரும் பந்தய வீரர்தான், ஆனால் முன்னால் போகிறவரின் வண்டி பழுதானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மணலில் நிற்க வேண்டியவர். ஏணிக்காரரின் வாரிசு.

ஓசூர், கிருஷ்ணகிரிக்காரர்களிடம் பந்தயம் என்று சொன்னால் இது எதுவும் அவர்கள் நினைவுக்கு வராது. எருது விடும் விழாதான் வரும். தையில் தொடங்கும். கொம்பில் வண்ணத்தாள் ஒட்டிய தட்டியைக் கட்டி எருதை அவிழ்த்துவிடுவார்கள். இருபுறமும் நெருக்கி நிற்கிற கூட்டத்துக்கு நடுவே அது ஓட, தட்டியைப் பறிக்க இளைஞர்கள் பாய்வார்கள். கிருஷ்ணகிரி தாண்டிப் பர்கூர், வாணியம்பாடிப் பக்கம் இதே விழா நொடிக் கணக்காகிவிடும். குறித்த தூரத்தை எந்தக் காளை விரைவாகக் கடந்தது என்பதுதான் பரிசு. 2023 பிப்ரவரி 2 அன்று ஓசூரை அடுத்த கோபசந்திரத்தில் அனுமதி கிடைக்காத ஆத்திரத்தில் கூட்டம் தேசிய நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டது. கல்வீச்சு, கண்ணீர்ப்புகை, பல மணி நேரம் பெங்களூர்ப் போக்குவரத்து அசையவில்லை.

அனுமதி என்பது மலையேறுகிறவர்களுக்கும் இப்போது பெரிய சொல். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகு விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. இங்குள்ள மேலகிரி மலைத்தொடரின் குத்திராயன் மலைக்கும் அதில் ஒரு பாதை உண்டு. பெங்களூரின் கணினி இளைஞர்கள் சனிக்கிழமை அதிகாலையில் சைக்கிளோடும் தலைவிளக்கோடும் எல்லை தாண்டி வருகிறார்கள். கிருஷ்ணகிரி மலையிலும் ஏறுகிறார்கள். பாறையில் வெட்டிய படிகள், இடிந்த சுவர்கள், மேலே சுனைகள், சையத் பாஷா தர்கா. கீழே இறங்கிவந்து கைக்கடிகாரத்தில் நேரம் பார்த்துக்கொள்கிறார்கள். சுற்றிலும் இதே பாறையைக் கிரானைட் பலகையாக அறுக்கிற குவாரிகளின் சத்தம் கேட்கும். ஏணிக்கு மசியாத பாறை வைரக் கம்பிக்கு மசிகிறது.

அதே மேலகிரிக் காட்டில் எல்லையைப் பற்றியே கேள்விப்படாத அணி ஒன்று ஆண்டுதோறும் ஓடுகிறது. கேழ்வரகு பால் பிடிக்கும் பருவத்தில் பன்னர்கட்டாவிலிருந்து யானைகள் கிளம்புகின்றன. ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாகச் சானமாவுக் காடு வரை வந்துவிடுகின்றன, ஓசூரின் தொழிற்சாலை விளக்குகள் தெரியும் தூரத்துக்கு. 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் காவிரி தெற்கு என்று இரண்டு சரணாலயங்கள் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் யானை அறிவிக்கையைப் படித்துவிட்டு நடப்பதில்லை. இரவெல்லாம் கேழ்வரகுக் கொல்லையில் பரண் கட்டிக் காவல் இருக்கிறார்கள் விவசாயிகள். வனத்துறைக் காவலர்களும் யானை விரட்டும் குழுவினரும் டார்ச்சும் பட்டாசுமாகக் கூட்டத்தை மீண்டும் காட்டுக்குள் தள்ளிக்கொண்டு போகிறார்கள். நாள் கணக்கில், மேடு பள்ளம் பார்க்காமல், தூக்கமில்லாமல். சில ஆண்டுகளில் மனிதர்கள் மிதிபட்டும் யானைகள் மின்வேலியில் பட்டும் சாவதுண்டு.

வழியில் தேசிய நெடுஞ்சாலை குறுக்கே வரும். வனக் காவலர்கள் முன்னதாகவே ஓடிப்போய் இரண்டு பக்கமும் கையைக் காட்டி லாரிகளை நிறுத்துவார்கள். கிருஷ்ணகிரியிலிருந்து கிரானைட் ஏற்றி வந்ததும், ஓசூரிலிருந்து புது மோட்டார் சைக்கிள்களை அடுக்கிக்கொண்டு கிளம்பியதும் விளக்கை அணைத்துவிட்டு வரிசையில் நிற்கும். முதல் யானை தார்ச்சாலையைத் தும்பிக்கையால் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கும். பெரியவை எல்லாம் கடந்துவிடும். நடுத்தடுப்பில் ஏறத் தெரியாமல் ஒரு குட்டி நிற்கும். கடந்துபோன தாய் திரும்பி வரும். காவலர் ஹாரன் அடிக்கப் பார்க்கிற ஓட்டுநரைக் கையமர்த்துவார். குட்டி தடுப்பைச் சுற்றி வழி கண்டுபிடித்து மறுபக்கம் இறங்கும் வரை, கூட்டம் முழுவதும் சாலையோரத்து இருட்டில் நகராமல் நிற்கும்.